பழனியாண்டி மாமாவின் பதினொரு மாதம்

பல்கலைக்கழகத்தில் சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது.

வாலிபர் சங்கத்து மலர்க் குழுவினரான நீங்கள் என்னிடம் கேட்டது இரண்டு பக்கக் கட்டுரை. "மாணவர் வாழ்க்கை உண்மையில எப்படி இருக்கும்னு எழுதிக் குடுங்க சேர், நம்ம தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஊக்கமா இருக்கும்" என்றீர்கள். 'உண்மையில' என்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருப்பீர்கள். எனக்கு இந்த 1965ஆம் வருடத்தில் வேறு வேலை குறைவு. ஆகவே அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

நான் அங்கே போனது 1954இல். காலையில் பாண், பட்டர், முட்டை. வாழைப்பழத்தைக் கத்தியும் முள்ளுக்கரண்டியும் கொண்டுதான் சாப்பிட வேண்டும். கையால் உரித்தவன் அந்த வருடம் முழுக்கக் குரங்கு என்று அழைக்கப்பட்டான். வாரத்தில் ஒரு நாள் விடுதித் தலைவரோடு விருந்து. கோட் போட்டு, விடுதி டை கட்டிக்கொண்டு உட்காருவோம். அவர் இங்கிலாந்தில் படித்த காலத்தில் அங்கே பெய்த மழையைப் பற்றிப் பேசுவார். நானுஓயாவுக்கு மேலே பிறந்த நான் மழை என்றால் என்னவென்றே அறியாதவனைப் போல் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருமுறை புடிங்கில் முந்திரிகை வற்றல் குறைந்துவிட்டது என்று இரண்டு நாள் சாப்பாட்டறையைப் பகிஷ்கரித்தோம். அதற்கான மகஜரில் 'அடக்குமுறை' என்ற சொல் நான்கு இடத்தில் வந்தது. எழுதியவன் நான். என் ஆங்கிலத்தை எல்லோரும் மெச்சினார்கள்.

முதல் நாளே பக்கத்து அறைக் கனகலிங்கம் கேட்டான்: "நீர் எவடம்?"

முத்துலிங்கம் என்ற பெயர் யாழ்ப்பாணத்திலும் உண்டு, தோட்டத்து லயத்திலும் உண்டு. ஹட்டனில் எனக்குப் படிப்பித்தவர்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள். அவர்கள் பேச்சு ஏழு வருடமாகக் காதில் கிடந்தது. "ஊர் மானிப்பாய். ஐயா நானுஓயாப் பக்கம் தோட்டக் கந்தோரில" என்றேன். மானிப்பாயை நான் வரைபடத்தில் பார்த்திருந்தேன். கந்தோர் முழுப் பொய்யும் அல்ல. என் அப்பா வீரய்யா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். சம்பள நாளில் கந்தோர் வாசலில் நிற்பார். கனகலிங்கம் கொழும்பில் வளர்ந்தவன். மேற்கொண்டு கேட்க அவனுக்கும் ஊர் தெரியாது.

இரண்டு வருடம் ஒரு குறையுமில்லாமல் போயிற்று. பொருளியல் படித்த குணபூசணி தன் குறிப்புப் புத்தகத்தை எனக்கு மட்டும் தருவாள். மூன்றாம் வருடம் எங்கள் தோட்டத்திலிருந்து சின்னராசா வந்து சேர்ந்தான்.

அவன் எங்கள் லயத்தில் நான்காம் காம்பரா. நாங்கள் ஐந்தாம் அறை. இடையில் ஒரு செங்கல் சுவர். அவன் வாய்ப்பாடு சொல்லும் சத்தத்தில்தான் நான் விழிப்பது வழக்கம். பௌதிகத்தில் அவனை மடக்க விரிவுரையாளர்களுக்கே முடியவில்லை. அதெல்லாம் எனக்குப் பெருமைதான்.

அந்த மாதம் சமதர்மச் சங்கத்தில் தோட்டத் தொழிலாளர் விடுதலை பற்றி ஒரு கூட்டம். பேசியவர் கொழும்புக் கறுவாத்தோட்டத்து மாளிகையில் வளர்ந்தவர், தேயிலையைக் கோப்பையில் மட்டும் பார்த்தவர். லயங்களைத் தகர்க்க வேண்டும் என்று மேசையில் குத்தினார். குணபூசணி பக்கத்தில் இருந்தாள். நான் எழுந்து, "லயம் எண்டால் என்ன? எனக்கு வடிவா விளங்கேல்லை" என்று கேட்டேன். கேட்டிருக்கத் தேவையில்லை. ஒப்பனை நன்றாகப் பொருந்திவிட்டால் கண்ணாடி முன்னால் இன்னொரு தரம் நிற்கத் தோன்றும் அல்லவா, அப்படி.

பேச்சாளர் தன் குறிப்புத் தாள்களைப் புரட்டத் தொடங்கினார். பின்வரிசையிலிருந்து சின்னராசா எழுந்தான்.

"ஒரே கூரைங்க. வரிசையா பத்துக் காம்பரா. ஒரு காம்பராவுல ஏழு பேரு படுக்கலாம். எட்டாவது ஆளு வந்தா அடுப்பைத் தூக்கி வெளிய வைக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். குணபூசணியும் சிரித்தாள். வெளியே வந்ததும் அவன் என் தோளைத் தொட்டான்.

"அண்ணே, நீங்க பொறந்த காம்பராவுக்கே நான் வெளக்கம் சொன்னேன் பாருங்க. சிரிப்ப அடக்கவே முடியலண்ணே."

"யார்கிட்டயும் சொல்லிடாதடா."

"ஐயய்யோ, சொல்வேனா. ஆனா எத்தனை நாளைக்குண்ணே? காலையில வேலைப் பெரட்டுல பேர் கூப்புடறப்ப யாரு ஒளிய முடியும்?"

அவன் சொல்லவில்லை. அதை இங்கே தெளிவாக எழுத விரும்புகிறேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. சாப்பாட்டறையில் என்னைக் கண்டால், "குட் மோர்னிங் மிஸ்டர் முத்துலிங்கம்" என்று யாரோ எவரோ போல் சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வான். எனக்காக அவன் நடித்தான். காலை, பகல், மாலை என்று மூன்று வேளையும் ஒருவன் நம்மீது இரக்கப்பட்டால் சாப்பாடு எப்படி இறங்கும்? அவன் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் ஒரு வாரம் வெட்கப்பட்டுவிட்டு முடித்திருப்பேன்.

நூலகத்தில் அரசாங்க அறிவித்தல்களை அச்சிடும் வர்த்தமானி வரும். யாரும் தொடமாட்டார்கள். 1957இல் ஒரு நாள் அதில் பழனியாண்டி என்ற பெயரைக் கண்டேன். சின்னராசாவின் அப்பா. பிரஜாவுரிமை கேட்டு அவர் போட்ட விண்ணப்பம் ஆறு வருடம் கழித்து ஏற்கப்படும் நிலைக்கு வந்திருந்தது. ஆட்சேபனை உள்ள எவரும் ஒரு மாதத்துக்குள் எழுதலாம் என்று கீழே போட்டிருந்தது.

சட்டம் உங்களுக்குத் தெரியும். இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்து ஆட்கள் பிரஜையாக, இந்த நாட்டிலேயே தொடர்ந்து இருந்ததாகக் காட்ட வேண்டும். நடுவில் இந்தியாவில் ஒரு வருடத்துக்கு மேல் தங்கியிருந்தால் விண்ணப்பம் விழும். அப்பாவினுடையது விழுந்தால் பிள்ளையினுடையதும் சேர்ந்து விழும். 1942இல் கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது தோட்டத்தில் பாதிப் பேர் பயந்து இந்தியாவில் உள்ள சொந்த ஊருக்கு ஓடினார்கள். பழனியாண்டி மாமா குடும்பமும் போனது. சித்திரையில் போய் மாசியில் வந்தார்கள். பதினொரு மாதம். எனக்கு நன்றாகத் தெரியும். எட்டு வயதில் நானும் அப்பா அம்மாவோடு அதே கப்பலில் போய் அதே கப்பலில் வந்தவன்.

பதினாறு மாதம் என்று எழுதினேன்.

நூலக மேசையில், வெயில் நன்றாக விழும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து எழுதினேன். எங்கள் தோட்டத்தில் இறந்துபோன ஒரு கங்காணியின் பெயரைப் போட்டேன். இறந்தவர் ஆட்சேபிக்கமாட்டார். சின்னராசாவுக்கு நான் கெடுதல் நினைக்கவில்லை. குடும்பம் ஊருக்குப் போனால் அவனும் போவான். அங்கேயும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன என்று நினைத்தேன். நியாயமான நினைப்பாகத்தான் அன்றைக்குப் பட்டது.

இறுதிப் பரீட்சை முடிந்து நான் தோட்டத்துக்கு வந்திருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழனியாண்டி மாமா துண்டில் சுற்றிய ஒரு கடிதத்தோடு எங்கள் காம்பராவுக்கு வந்தார். தோட்டத்தில் ஆங்கிலக் கடிதம் வந்தால் கந்தோர் கிளாக்கரிடம் கொண்டுபோய்க் கைகட்டி நிற்பதுதான் வழக்கம்.

"நம்ம புள்ள ஒன்னு இருக்கறப்ப அங்க எதுக்குங்க தம்பி போயி நிக்கணும்?" என்றார். "சின்னராசாவுக்கு மட்டும் தெரிய வேணாம். அவனுக்குப் பரீட்சை. இதக் கேட்டா படிப்புல மனசு நிக்காது."

என் ஆட்சேபனைக்கு வந்த பதிலைப்போல் அந்தக் கடிதத்தைப் பிரித்தேன். ஆட்சேபனை வந்திருக்கிறது, விளக்கம் தரவும் என்று இருந்தது.

"எந்தப் பாவி எழுதினான்னு தெரியலையே தம்பி. பதினொரு மாசந்தாங்க. பாப்பாவுக்குக் காது குத்தின கையோட கெளம்பிட்டோம்."

"தெரியும் மாமா. எழுதிடலாம்."

அவர் மனைவி மீனம்மா அத்தை கோழி அடித்துக் குழம்பு வைத்துக் கொண்டுவந்தார். சாப்பிட்டுவிட்டு எழுதினேன். மிகவும் மரியாதையான கடிதம். கீழ்ப்படிவுள்ள ஊழியன் என்பது வரை ஒரு குறை சொல்ல முடியாது. மனைவியின் சுகவீனத்தாலும் தன் அறியாமையாலும் பதினாறு மாதம் தங்க நேர்ந்ததை விண்ணப்பதாரர் தாழ்மையோடு ஒப்புக்கொள்கிறார், கருணை காட்டவும் என்று முடித்தேன். மாமா பெருவிரலை மையில் தோய்த்து, கடிதத்தைக் கசக்கிவிடாதபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தார்.

விசாரணைக்கு ஹட்டனுக்கு நான்தான் கூட்டிப்போனேன். விடுதி டை கட்டியிருந்தேன். அதிகாரி அதைப் பார்த்ததும் எழுந்து கை கொடுத்தார். அவரும் அங்கே படித்தவராம். எந்த விடுதி, புடிங் இன்னும் அதே மாதிரியா என்றெல்லாம் ஆங்கிலத்தில் கால்மணி நேரம் பேசினோம். மாமா நின்றுகொண்டிருந்தார். மொழிபெயர்ப்பாளரை அழைக்கப் போன அதிகாரி, "நீர்தான் இருக்கிறீரே" என்று நிறுத்திவிட்டார். பிறகு கோப்பைத் திறந்து, இந்த மனிதரே பதினாறு மாதம் என்று ஒப்புக்கொள்கிறாரே, இது சரிதானா என்று கேட்கச் சொன்னார்.

"தொரை என்னங்க சொல்றாரு?" என்றார் மாமா.

"கடுதாசியில எல்லாம் சரியா இருக்கான்னு கேக்குறாரு."

மாமா அதிகாரியைப் பார்த்துக் கும்பிட்டு, பல தரம் தலையாட்டினார்.

மறுப்புக் கடிதம் வந்தபோது சின்னராசா விடுமுறையில் வந்திருந்தான். அவனே பிரித்து வாசித்துவிட்டான். கடிதத்தோடு என்னிடம் வந்தான்; அப்பா அம்மாவும் பின்னாலேயே வந்தார்கள்.

"அண்ணே, இதுல பதினாறுன்னு இருக்கே. பதினொன்னுதானே?"

"அப்பா சொன்னதைத்தான் எழுதினேன்" என்றேன்.

அவன் திரும்பி அப்பாவைப் பார்த்தான். மாமா விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கினார். பாதியில் எண்ணிக்கை தவறியது. திரும்பவும் சித்திரையிலிருந்து தொடங்கினார்.

"அதெப்படி பதினாறு வரும்?" என்றார் மீனம்மா அத்தை. "ஒரே ஒரு ஆடிப்பெருக்குக்குத்தானே காவேரியில குளிச்சோம்?"

"ரெண்டு தரம் போனோமே அத்தை" என்றேன். "ரெண்டாவது தரம் நான்கூட வழுக்கி விழுந்தேன். மறந்துட்டீங்களா?"

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். படித்த பிள்ளை, கூடவே வந்த பிள்ளை. என் ஞாபகத்துக்கு மேலே ஒரு சாட்சி அந்த லயத்தில் கிடையாது. "அப்படியா இருந்திருக்கும்?" என்று மெல்லக் கேட்டார். சின்னராசா அதற்குப் பிறகு தன் அப்பாவோடு நான்கு நாள் பேசவில்லை என்று என் அம்மா சொன்னார். மேன்முறையீட்டுக்கு மூன்று மாதம் இருந்தது. கைநாட்டு வைத்து ஒப்புக்கொண்டதை எந்தக் கோர்ட்டிலும் மாற்ற முடியாது என்று நான் ஆலோசனை சொன்னேன். நன்றி சொன்னார்கள்.

என் அப்பாவின் விண்ணப்பத்திலும் அதே கப்பல், அதே பதினொரு மாதம். அதற்கும் கடிதம் எழுதியவன் நான்தான். அதில் பதினொன்று என்று எழுதினேன். நாங்கள் பிரஜைகள். அதனால்தான் எனக்கு அரசாங்க ஆசிரியர் வேலை, அதனால்தான் நீங்கள் என்னைச் சேர் என்று அழைக்கிறீர்கள். குணபூசணி ஒரு டாக்டரைக் கட்டிக்கொண்டு மலாயாவுக்குப் போய்விட்டாள். நான் எந்த ஊர் என்று அவள் கடைசிவரை கேட்கவேயில்லை.

சின்னராசா படிப்பை முடிக்கவில்லை. பிரஜை இல்லாதவனுக்குப் பட்டம் எதற்கு என்று மூன்றாம் வருடம் தொடங்குமுன் திரும்பிவிட்டான். இப்போது திருச்சிப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் மூட்டைகளுக்குக் குறி போடுகிறான் என்று கேள்வி. மாமா அங்கே போன இரண்டாவது வருடமே இறந்துவிட்டார்.

அவர்கள் புறப்பட்ட அன்று நானுஓயா ஸ்டேசனுக்குப் போனேன். காலை ரயில். ஒரு தகரப் பெட்டி, ஒரு அம்மிக்கல், கம்பளியில் கட்டிய பாத்திரங்கள். சின்னராசா ரயில் பெட்டிக்குள் ஏறி ஜன்னலுக்கு அந்தப் பக்கமாக முகத்தைத் திருப்பி உட்கார்ந்துவிட்டான். மாமா மட்டும் இறங்கி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கை கவ்வாத்துக் கத்தியால் காய்த்துப்போன கை.

"தம்பி, மனசுல ஒன்னும் வச்சுக்காதீங்க. நீங்க நல்லாத்தான் எழுதுனீங்க. நாந்தான் மாசத்தத் தப்பா சொல்லி ஒங்களுக்கும் சங்கடம் வரவச்சுட்டேன். எம்புள்ள வாழ்க்கைய நானே என் வாயால கெடுத்துட்டேன்."

"நான் மனசுல வச்சுக்கலைங்க மாமா" என்றேன்.

உண்மையாகத்தான் சொன்னேன். அந்த விஷயத்தில் அவர்மேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை.