தேருக்கு வந்தவங்க

திட்டினேன்தான். இல்லன்னு யாரு சொன்னா, சம்மந்தியம்மா? அம்பது பேரு பாக்கத் திட்டினேன். உங்க பொண்ணு தேவிப்ரியா அழுதுக்கினு போன் பண்ணுச்சின்னு கூரத்துலேந்து மொத பஸ்ஸப் புடிச்சி வந்துட்டீங்க. கையில பெரிய பை வேற. எதுக்கு, அவ துணிமணிய அள்ளிக்கினு போறதுக்கா? இப்ப ஏனாத்தூர்ல ஆபீஸ்ல இருக்கா, அஞ்சு மணிக்குத்தான் வருவா. உக்காருங்க. காபி குடிங்க.

கல்யாணமாயி ஆறு மாசந்தான். பங்குனித் தேருக்கு வர்றவங்கள நானே கவனிக்கிறேன் அத்தேன்னா. சரின்னு விட்டேன். எங்க வூடு தேர் வர்ற வீதியில இருக்குதா, என் வூட்டுக்காரரு சொந்தமெல்லாம் இங்கதான் வந்து எறங்கும். சாமி பாக்கவா வருதுங்க? பொங்கல் வடைக்கு வருதுங்க.

அதுங்களுக்கு உங்க பொண்ணு பண்ண கூத்தக் கேளுங்க. ஒரு வாரம் முன்னாடியே ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, உங்களுக்கு சுகரா, பிரஷரா, கீழ உக்கார முடியுமான்னு கேட்டுக்கினு இருந்தா. பெரிய டாக்டரம்மா. செருப்பு மாறக்கூடாதுன்னு நம்பர் போட்ட பை. தண்ணி பாட்டில்ல பேரு எழுதி ஒட்டினா, எல்கேஜி புள்ளைங்களுக்கு ஒட்டற மாதிரி. பாத்ரூமுக்கு வழி காட்ட அம்புக்குறி போட்டு ஒரு பேப்பரு. மூணு ரூம் வூட்டுல பாத்ரூம் காணாமப் பூடுமா?

என் வூட்டுக்காரருக்கு அண்ணன் ஒருத்தரு, அப்பாதுரைன்னு, திருமுக்கூடல்லேந்து வருவாரு. உப்பு இல்ல, காரம் ஜாஸ்தின்னு வருசா வருசம் மொகத்தச் சுளிக்கிற ஆளு. அவரு மாத்திரை போடணும்னு எல்லாருக்கும் முன்னாடி டேபிள் போட்டு, மிளகு கம்மியா தனிப் பொங்கல். ரெண்டு தபா கேட்டு வாங்கித் தின்னுட்டு என்னப் பாத்து சொல்றாரு, இந்திராணி, இப்பத்தான் இந்த வூட்டுல மரியாதையா சோறு போடறாங்கன்னு. அப்ப இத்தினி வருசமா நான் போட்டது என்னா, மண்ணா?

அந்த எரிச்சல்ல திட்டினேன்னு நெனைக்கிறீங்களா? சீச்சீ. அந்தாளு பேச்செல்லாம் ஒரு பேச்சா. கேசரி அடிபுடிச்சிடுச்சி, அதுக்குத்தான். அடுப்ப அப்பிடியே வுட்டுட்டு வாசலுக்கு வருவியாடி, உங்கம்மா இதான் கத்துக் குடுத்தாளான்னு கேட்டுட்டேன்.

அவ ஏன் அடுப்ப வுட்டாளா?

நான்தான் கிண்டிக்கினு இருந்தேன். தேர் முனையில திரும்பிடுச்சின்னதும் ஓடியாந்து கரண்டியப் புடுங்கி வெச்சிட்டு, வாங்க அத்தேன்னு கையப் புடிச்சி வாசலுக்கு இழுத்தாந்துட்டா. முன்னாடி ஒரு சேரு. யாரையும் உக்கார வுடாம எனக்குன்னு போட்டு வெச்சிருக்கா.

எப்பவும் அந்த நேரத்துக்கு நான் அடுப்பாண்டதான். தேர் நகந்ததும் எல்லாம் எல போட்டு உக்காந்துடும், சுடச்சுட இருக்கணும். மேளச் சத்தம் கேக்கும். அவரு திருநீறு கொண்டாந்து மேடை மேல வெச்சிட்டுப் போவாரு, எடுத்துப் பூசிக்குவேன்.

இந்தத் தெருவுக்கு வாழ வந்து முப்பத்தோரு வருசம் ஆவுது. தேர் என் வாசல்ல நின்னத நான் பாத்தது இதான் மொத தபா. எம்மாம் பெருசு தெரியுமா? எங்க மாடிக்கும் மேல போவுது. எனக்கு அழுக வந்துடுச்சி. அம்பது பேரும் என்னையே பாக்கறாங்க. அப்பன்னு பாத்து உள்ள தீஞ்ச வாட. நான் என்ன பண்ணுவேன் சம்மந்தியம்மா, அவளத் திட்டிட்டேன்.