மொன்னா தெச்சா செய்வித்தது

— படத்துக்கு இன்னும் கிட்டப் போகாதை சுசிலா. மியூசியத்திலை காவலுக்கு நிக்கிற பெட்டை எங்களைத்தான் பாக்கிறாள்.

— பாக்கட்டும் சந்திராக்கா. நீங்கள் மாதாவை விட்டிட்டுக் கீழ பாருங்கோ. காலடியிலை, இடப்பக்க மூலையிலை.

— கடவுளே! ஒரு மனுசி. என்ரை சுண்டுவிரல் அளவும் வராது. முழந்தாளிலை இருந்து கும்பிடுறா.

— அவதான் இந்தப் படத்தைச் செய்விச்சவ. இத்தாலியிலை, அறுநூற்றைம்பது வருசத்துக்கு முன்னம். புருசன் செத்தாப் பிறகு, தன்ரை சீதனத்திலை.

— இவ்வளவு தங்கமுமோ?

— ஓமக்கா. அடியிலை எழுதியிருக்குப் பாருங்கோ, "மொன்னா தெச்சா செய்வித்தது" எண்டு. மொன்னா எண்டா எங்கட 'அம்மா' மாதிரி, மரியாதைக்கு.

— உனக்கு அது வாசிக்க ஏலுமோ?

— லண்டனுக்கு வரமுந்தி இத்தாலியிலை, பலெர்மோவிலை பதினாலு வருசம் வீடு கூட்டினனான். வாசிக்காமல் விடுவனோ?

— அந்தக் கண்ணைப் பாரடி. ஊசிமுனையாலை வைச்ச பொட்டு மாதிரிக் கிடக்கு, எண்டாலும் நேர மாதாவைத்தான் பாக்குது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்குது.

— போன வருசம் வரைக்கும் அவ இதிலை இல்லை. அந்த இடத்திலை தாடி வைச்ச ஒரு ஆம்பிளை இருந்தவன்.

— என்ன சொல்லுறாய்?

— பிறகு வந்த ஆரோ அவவுக்கு மேலை வண்ணம் பூசி அவனைக் கீறி, எழுத்தையும் மூடிப்போட்டாங்கள். படத்தைத் துப்பரவாக்கேக்கை அந்தத் தாடிக்குக் கீழயிருந்து இவவின்ரை முக்காடு வந்ததாம். பக்கத்திலை எழுதிப் போட்டிருக்கினம்.

— அப்ப இவ்வளவு காலமும் அதுக்குள்ளை இருந்து கும்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறா!

— இதைக் காட்டத்தான் உங்களை விம்பிள்டனிலையிருந்து இழுத்துக்கொண்டு வந்தனான். எங்கட கோயிலுக்கு நான் குடுக்கிற அம்மன், கும்பகோணத்துச் சிற்பியோடை மாசக்கணக்காப் போனிலை கதைச்சு, முகம் இப்பிடி வேணும், கை இப்பிடி வேணுமெண்டு நான் செய்விச்சது. பீடத்திலை "அமரர் சண்முகராசா குடும்பம்" எண்டு பொறிக்கப் போகினமாம். என்ரை மனுசன் நல்லவர்தான். ஆனா கோயில் பக்கம் தலை வைச்சும் படுக்காதவர்.

— தெரியும்.

— நீங்கள் கோயில் சபைச் செயலாளர். சபையிலை இருக்கிற அந்த ஆம்பிளையளுக்கு ஒருக்கா எடுத்துச் சொல்லுங்கோவன். அவையள்தானே என்ரை பேரை வெட்டினவை.

— கொஞ்சம் பொறு. அவவை இன்னொருக்காப் பாக்கிறன்.

— என்னக்கா, அழுறியளே?

— அவையள் உன்ரை பேரைத்தான் எழுதித் தந்தவை, சுசிலா. புருசன் இல்லாதவளின்ரை பேர் அம்மன் காலடியிலை வேண்டாமெண்டு வெட்டினது நான்.