பதினேழாம் நம்பர் டோக்கன்

— அந்த மேனேஜரு கேட்டப்ப நீ ஏன் அண்ணி வாயே தொறக்கல?

— என்னத்தச் சொல்லச் சொல்ற? டோக்கனத் தூக்கி மேசமேல வச்சுட்டான். பதினேழு. என் நம்பரு. நாப்பது பொம்பளைங்க ஸ்ட்ரைக்குன்னு கம்பெனிக்கு வெளிய நிக்கிறோம். மொத நாளு ஆஜர் பெட்டியில விழுந்தது ஒரே ஒரு டோக்கன். அதுவும் சங்கத் தலைவி என்னோடது.

— நான் போடலன்னு ஒரு வார்த்த...

— நம்பியிருப்பாங்களா? நம்மகூட நிக்கிற ரத்தினம்மா பாத்த பார்வையப் பாத்தியா? நாம கம்பெனியில மாத்திர டப்பாவுக்கு லேபிள் ஒட்டற மாதிரி என் நெத்தியில ஒட்டிட்டா.

— என்னன்னு?

— துரோகின்னு.

— அது எப்பவும் அப்பிடித்தான் பாக்கும் அண்ணி. அதுக்குக் கண்ணுல பொர இருக்கு.

— சிரிப்பு மூட்டாத செல்லாயி.

— பஸ்ஸு வர இன்னும் நேரம் கெடக்கு. ஒரு டீ குடிக்கிறியா?

— வேணாம். நாளைக்குப் பத்து மணிக்குக் கூட்டம். டோக்கனப் போட்டது யாருன்னு நான் சொல்லணுமாம். இல்லன்னா எல்லாரும் வேலைக்குப் போயிடுவாங்களாம். சங்கம் வச்சு ரெண்டு மாசம்கூட ஆவல...

— மேனேஜரே எடுத்துப் போட்டிருப்பான்.

— நானும் அதத்தான் சொல்லப் போறேன். வேற வழி? என்னடி, எங்க எந்திரிக்கிற?

— ஒண்ணுமில்ல.

— நீ என் பக்கத்துல வந்து நிக்கணும். நான் தேவனாம்பட்டினத்துல மீனு ஏலத்த முடிச்சிட்டு ஓடியாரதுக்குள்ள கம்பெனி மணி அடிச்சிடும். மூணு வருஷமா நீ போட்டுத்தான் எனக்கு ஆஜர் விழுது. அது எல்லாருக்கும் தெரியும்.

— அப்ப என்னத்தான சந்தேகப்படுவாங்க?

— உன் மேல எப்பிடி? உன் பதினெட்டாம் நம்பரு பலகை ஆணியிலயே தொங்குதுன்னு அந்த மேனேஜரே சொன்னானே. நீ வரலன்னு ஆயிடுச்சு. அதனாலதான் சொல்றேன்... அன்னிக்கு அண்ணி டோக்கன நான் தொடலன்னு நீ ஒருத்தி சொன்னாப் போதும்.

— சத்தியம் பண்ணச் சொல்லுவாங்களா?

— ஏன் கேக்கற?

— சும்மாதான்.

— என்னப் பாரு. அங்க ரோட்டுல என்ன இருக்கு?

— அன்னிக்குக் காலையில ஆறே காலுக்கு... நான் கம்பெனி கேட்டுக்குப் போனேன் அண்ணி.

— எதுக்கு?

— வேலைக்கு. அதுக்கு முந்தின நாளு சாயங்காலம் சூப்பர்வைசரு வீடு தேடி வந்தாரு. மொதல்ல உள்ள வர்றவளுக்கு பர்மனென்ட் ஆர்டர்னு சொன்னாரு. சுனாமியில படகு போனதுலேருந்து எங்க வீட்டுக்காரரு கரையில சும்மா ஒக்காந்திருக்கறது உனக்குத் தெரியாததா?

— உள்ள போனியாடி?

— போவல. கேட்டுல வாட்ச்மேன்கூட இல்ல. பலகையிலேருந்து டோக்கன எடுத்தேன். ரெண்டையும் எடுத்திருக்கேன் அண்ணி... பதினேழு, பதினெட்டு. தெனமும் உன்னோடதப் போட்டுட்டுத்தான என்னோடதப் போடுவேன்? கை அது பாட்டுக்குப் போட்டுடுச்சு. பெட்டிக்குள்ள ணங்குனு விழுந்தப்பறந்தான் எனக்கு நெனப்பே வந்துது, இன்னைக்கு நீ வரமாட்டியேன்னு.

— உன்னோடது?

— கையிலயே நின்னுடுச்சு. திரும்ப ஆணியில மாட்டிட்டு ஓடியாந்துட்டேன். பெட்டிக்குள்ள கைய விட்டு எடுக்கலாம்னா பூட்டு. மூணு நாளா சோறு எறங்கல. நாளைக்கு நானே எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். காறித் துப்புனாலும் சரி.

— ஆறே காலா?

— ஆமா.

— நான் ஆறரைக்கு வந்தேன்.

— எங்க?

— கேட்டுக்குத்தான். அந்தச் சூப்பர்வைசரு உன் வீட்டுக்கு மட்டும்தான் வந்தாருன்னு நெனச்சியா? பலகையில கைய வச்சேன்... பதினேழுல வெறும் ஆணிதான் இருந்துச்சு. டோக்கன் இருந்திருந்தா, நானேதான்டி போட்டிருப்பேன்.