அரை கிராம் உருண்டை

நான் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. கேம்ப்பில் கேட்டுப் பாருங்கள், ஜியாலஜிஸ்ட் சேதுமாதவன் தங்கமான மனுஷன் என்பார்கள்.

புஜைரா பக்கம் மலையைக் குடைந்து ரயில் பாதை போடுகிறோம். அந்த மலையைத் தாண்டப்போகும் முதல் ரயில். சரித்திரம் என்று சொல்லலாம். வெடி வைத்தபின் கூரைக்கு கான்கிரீட் பூசும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது என்பது விதி. அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் நான். முன்பெல்லாம் ஆட்கள் அதைக் கண்டுகொள்ளாமல் போய்க் கல் அள்ளுவார்கள். ஒருவன் காலில் பாறை விழுந்த பிறகு எல்லாருக்கும் விதி ஞாபகம் வந்துவிட்டது. வேலை ஆமை வேகத்துக்கு வந்தது.

அப்போதுதான் சிவகங்கைக்காரன் வைரவன், மஞ்சளாக மினுங்கும் கல் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தான்.

"தங்கமான்னு பாருங்க சார். வெளிய மூச்சு விட மாட்டேன்."

பார்த்ததும் தெரிந்துவிட்டது, இரும்பும் கந்தகமும் கலந்த வெறும் கல். பவுன் விலை தாறுமாறாக ஏறிக்கொண்டிருந்த நேரம். அவன் மகள் சந்தியாவின் காதுகுத்துக்கு லீவு வாங்கி, டிக்கெட்டும் போட்டிருந்தான். இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துபாய் தேரா நகைக்கடைத் தெருவில் உருக்கிப் பார்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். கல்லை வழியில் வீசிவிட்டு, கௌஸ் முகம்மது கடையில் அரை கிராம் தங்கம் வாங்கி, உருண்டையாக உருக்கித் தரச் சொன்னேன். என் சொந்தக் காசு. உன் கல்லிலிருந்து வந்தது என்று வைரவன் கையில் வைத்தபோது அழுதுவிட்டான். எனக்கும் கண் கலங்கியது.

மூச்சு விட மாட்டேன் என்றவன் ரூமில் மூன்று பேரிடம் சொன்னான். ஒரே வாரத்தில் ஷிஃப்ட் முழுக்கத் தெரிந்தது. வெடிப்புகை அடங்குவதற்குள் சுத்தியலோடு போய் நின்றார்கள். கல்லை உடைத்துப் பார்த்துப் பார்த்து அவர்களே அள்ளிப் போட்டார்கள். யல்லா என்று விரட்ட ஆள் தேவைப்படவில்லை. சுரங்கம் இரண்டு மடங்கு வேகத்தில் நகர்ந்தது. வைரவன் டிக்கெட்டைக் கேன்சல் செய்தான். மனைவி நாகவள்ளி போனில் சண்டை போட்டதை அவனே சிரித்துக்கொண்டு சொன்னான்.

செவ்வாய்க்கிழமை காலை கூரையில் ஒரு விரிசலைப் பார்த்தேன். விரல் நுழையும் அகலம். எழுதிக் கொடுத்தால் பத்து நாள் வேலை நிற்கும்.

"உள்ள போலாமா சார்?" என்று வைரவன் கேட்டான்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அதையே அவன் சம்மதமாக எடுத்துக்கொண்டான். கால் மணி நேரத்தில் கூரை இறங்கியது. உடலை வெளியே எடுக்க மாலையாகிவிட்டது.

நான் போகச் சொல்லவில்லை. உங்கள் விசாரணை அறிக்கையில் அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருப்பான், என் பேச்சை அவன் ஒருநாளும் தட்டியதில்லை. அது தெரிந்துதான் சொல்லவில்லை.