வாசமில்லாத வாயு

நல்ல சால்டரிங் அயர்ன் என்றால் அது பேனா மாதிரி சட்டைப்பையில் செருகிக்கொள்ளும்படி இருக்க வேண்டும் என்பது என் கட்சி. கம்பத்தின் மேல் ஏறி ஒயருக்கு ஈயம் பற்றவைப்பவனுக்கும், படகின் அடித்தட்டில் முதுகை வளைத்துக்கொண்டு கிடப்பவனுக்கும் மின்சாரம் எங்கிருந்து வரும்? கைப்பிடிக்குள்ளேயே எரிவாயு, முனைக்குள்ளேயே சூடு. ஒயர் இழுக்க வேண்டியதில்லை. நான் வடிவமைத்ததை நீங்கள் கையில் பிடித்துப் பார்த்ததில்லை, ஐயா. உங்கள் மேசைமேல் அந்தப் பைக்குள் கரிக்கட்டையாகக் கிடப்பதைத்தான் பார்த்திருக்கிறீர்கள். அதை வைத்து எடை போட்டுவிடாதீர்கள்.

உள்ளே நடப்பது எளிமையானது. கைப்பிடிதான் தொட்டி. அதில் திரவமாக இருக்கும் வாயு ஓர் ஊசித்துளை வழியாக வெளிப்பட்டு, காற்றோடு கலந்து முனைக்குப் போகும். அங்கே பிளாட்டினம் பூசிய சின்ன வலை ஒன்று இருக்கிறது. முதலில் ஒரு பொறி, ஒரு சுடர். வலை சிவந்ததும் சுடர் அணைந்துவிடும். அப்புறம் வாயு அந்த வலைமேல் பட்டுப் பட்டே கனன்றுகொண்டிருக்கும். சுடர் தெரியாது, சத்தமும் கேட்காது. ஈயம் மட்டும் வெண்ணெயாக உருகும்.

மற்றவர்கள் செய்வதெல்லாம் டார்ச் லைட் பருமன். முனைக்கும் தொட்டிக்கும் நடுவே இரண்டு விரல்கடை இடம் விடுவார்கள், உலோகக் கழுத்து வைப்பார்கள். நான் அந்த இடத்தை எடுத்துவிட்டேன். பட்டறையில் எல்லோரும் அதைப் 'பேனா' என்றுதான் சொன்னார்கள். முதலாளி அதைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு கடைத்தெருவில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தார். "யாருக்கும் தெரியலப்பா. பேனா குடுங்க சார்னு ஒருத்தன் கையெழுத்துப் போடக் கேக்கறான்" என்று சொல்லி, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். என் வாழ்க்கையில் யாரும் என் வேலையைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை. அந்தச் சிரிப்பை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

என் தங்கை அங்கேதான் சோதனைப் பிரிவில் இருந்தாள். பிரிவு என்றால் அவள், ஒரு மேசை, ஒரு தண்ணீர்த் தொட்டி. வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மூக்கு அப்படி. பக்கத்து வீட்டில் பால் தீய்வதற்கு முன்பே எழுந்து போய்க் கதவைத் தட்டுவாள். பட்டறையில் அவளுக்கு மூக்கம்மா என்று பெயர் விழுந்துவிட்டது. வாயு நிரப்பும் மேசையில் கசிவு என்றால் யாருக்கும் முன்னால் அவள் தலை திரும்பும். "மூக்கை நுழைக்கிறதுக்கே சம்பளம் வாங்குற ஆள் நீ ஒருத்திதாம்மா" என்பார் முதலாளி. அவளும் சளைக்க மாட்டாள். "உங்க மூக்கை அறுக்கிறதுக்கும் சேர்த்துக் குடுங்க முதலாளி" என்பாள்.

முதல் தொகுதி தயாரான பிறகு ஒருநாள் மாலை அவள் என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணா, பேனா கசியுது."

"தொட்டியில முக்குனியா?"

"முக்குனேன். ஒரு குமிழ்கூட வரல."

"அப்புறம் என்ன?"

"சூடா இருக்கறப்பதான் கசியுது. தண்ணில போட்டா ஆறிடுது, நின்னுடுது. ரொம்பக் கொஞ்சம்தான். ஆனா அழுகின முட்டை வாடை வருதுண்ணா."

பார்க்கிறேன் என்றேன். உங்கள் நிபுணர் அதை அறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னது சரிதான். முனையின் சூடு பின்னால் ஏறும்போது பிளாஸ்டிக் கழுத்து மயிரிழை விரிந்துகொடுக்கிறது. அங்கே இருக்கும் ரப்பர் வளையம் பிடியை விட்டுவிடுகிறது. ஆறியதும் மறுபடி பிடித்துக்கொள்கிறது. ஆனால் அன்றைக்கு என் கையில் இருந்தது ஒரு பெண்ணின் மூக்கு மட்டும்தான். ஒரு மூக்கை நம்பி, செலவழித்துச் செய்த வார்ப்பு அச்சை உடைக்க முடியுமா? வாயுத் தொட்டியைப் பின்னால் தள்ளி, உலோகக் கழுத்து வைத்தால் அது பேனா இல்லை. மற்றவர்களின் டார்ச் லைட்டுகளில் இன்னொன்று.

அவள் திருப்திக்காக வளையங்களை மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் பட்டறையில் நாலு பேர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். அவள் அயர்னைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்து, கண்ணை மூடி, உதட்டைப் பிதுக்குவாள். "இல்லண்ணா" என்பாள். குரலைத் தாழ்த்தித்தான் சொல்வாள், எனக்குச் சங்கடமாகக் கூடாதே என்று. அந்தத் தாழ்ந்த குரல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. கத்தியிருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம்.

வாயுவுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று கந்தகம் கலந்த ஒன்றைச் சேர்க்கிறார்கள். அந்தக் கந்தகம் பிளாட்டினம் வலையை நாளாவட்டத்தில் கெடுத்துவிடும். இது பொய் இல்லை. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். வாசனைத் தெளிப்பான் டப்பாக்களில் அடைப்பதற்கென்றே வாடை நீக்கிய வாயு விற்கிறார்கள். அதில் ஓர் உருளை வாங்கி, நிரப்பும் மேசையில் பழைய உருளை இருந்த இடத்தில் வைத்தேன். நிறம்கூட ஒன்றுதான். முதலாளியிடம், சுத்தமான கேஸ், வலை கூடுதலாக உழைக்கும் என்றேன். நல்லது என்றார். தங்கையிடம் ஒன்றும் சொல்லவில்லை.

போன தடவை நீங்கள் கேட்டபோது, வலையின் ஆயுளுக்காகத்தான் மாற்றினேன் என்றேன். வலை கூடுதலாக உழைத்ததும் உண்மைதான். ஆனால் அதற்காக நான் மாற்றவில்லை.

மறுநாள் அவள் புதிதாக நிரப்பிய ஒன்றைச் சூடேற்றி, அணைத்து, கன்னத்தருகே பிடித்தாள். மறுபடி பிடித்தாள். இன்னொன்றை எடுத்தாள். பிறகு மேசைகளுக்கு நடுவே ஓடிவந்தாள்.

"அண்ணா, நின்னுடுச்சு. என்ன பண்ணுனே?"

"வளையத்தை மாத்தினேன்."

"எனக்குத் தெரியும். நீ விட மாட்டேன்னு தெரியும்." எல்லோர் பக்கமும் திரும்பி, "எங்கண்ணன் சாதிச்சுட்டான்" என்றாள். வாசலுக்குப் போய் மிட்டாய் வாங்கி வந்து ஒவ்வொரு மேசையாகக் கொடுத்தாள். எனக்கு மட்டும் இரண்டு. நான் அதை வாயில் போட்டுக்கொண்டேன். ஐயா, அப்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லமாட்டேன். வெட்கப்பட்டதால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை.

ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவரை உங்களுக்குப் படத்தில்தான் தெரியும். நாங்கள் அவரை 'வானொலி' என்போம். காலையில் வந்தால் மாலைவரை வாய் ஓயாது. மழை வரும் என்பார், வராது என்பார், இரண்டும் தான் சொன்னதுதான் என்பார். ஜன்னல் இல்லாத சின்ன அறை அது. தூசி படக்கூடாதென்று கதவைச் சாத்தியே வைத்திருப்பார். விபத்து நடந்த அன்று காலை சோதனை முடிந்த அயர்ன்களைச் சூடு ஆறுவதற்குள்ளேயே தட்டுத் தட்டாக உள்ளே அடுக்கினார்கள். மாலையில் அனுப்ப வேண்டியிருந்தது, எல்லோருக்கும் தலைக்கு மேல் வேலை. அந்த வாயு காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையில் தண்ணீர் மாதிரி தேங்கும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவருடைய மேசை விசிறியின் ஒயர் விட்டுப்போய்விட்டது. நம் பேனாவாலேயே பற்ற வைத்துவிடுகிறேன் என்று முக்காலி போட்டு உட்கார்ந்தார். அந்த அறையில் எதைப் பற்ற வைப்பதானாலும் அவளைக் கேட்டுவிட்டுத்தான் செய்வார். நெடுநாள் வழக்கம்.

"மூக்கம்மா, ஒரு தடவை மோந்து பாத்துச் சொல்லும்மா."

என் மேசையிலிருந்து அந்தக் கதவு தெரியும். அவள் தலையை உள்ளே நீட்டினாள். நன்றாக மூச்சை இழுத்தாள். வேலையில் அவள் ஒருநாளும் அலட்சியமாக இருந்ததில்லை, இதை நீங்கள் நம்ப வேண்டும்.

"ஒண்ணும் இல்லண்ணே. பத்த வைங்க."

அவர் உடனே பற்ற வைக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடி துடைத்தார். ஏதோ பேசிக்கொண்டே இருந்தார், அவள் சிரித்தாள். எனக்கு நேரம் இருந்தது. எழுந்து போகக்கூட வேண்டாம், உட்கார்ந்த இடத்திலிருந்தே 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அவள் ஏன் என்று கேட்பாள். நாலு பேர் முன்னால் கேட்பாள். கொஞ்சம்தானே, கதவு திறந்துதானே இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. குனிந்து வரைபடத்தைப் பார்த்தேன்.

பிறகு ஸ்டோர் வெடித்து, பட்டறை ஜன்னலின் கண்ணாடிச் சில்லுகள் என் மேசைமேல் கிடந்தன. நாங்கள் உள்ளே போனபோது வானொலி பேசவில்லை. என் தங்கை கதவருகே நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தாள். விழவில்லை. "அவரைப் பாருங்க, முதல்ல அவரைப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவள் முகத்தையும் கைகளையும் கட்டியிருந்தார்கள். பேச முடிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "எனக்கு ஏண்ணா வாசம் வரல?"

இங்கேயாவது நான் சொல்லியிருக்கலாம். அறையில் வேறு யாரும் இல்லை.

"உனக்கு ரெண்டு நாளா சளி இருந்துச்சுல்ல" என்றேன்.

அவள் யோசித்தாள். "இருந்துச்சா?"

"தும்மிக்கிட்டே இருந்தியே. நான்கூட மாத்திரை போடுன்னு சொன்னேன்."

கட்டோடு கையை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு, "ஆமால்ல" என்றாள். "சளியோட நான் பாத்திருக்கவே கூடாது. அவர்கிட்ட பத்த வைங்கன்னு சொன்னதே நான்தான்."

அவள் முன்பு உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு சளி வருகிறது. அது நான் கொடுத்த சளி.

வானொலியின் மனைவி ஒருநாள் அவளைப் பார்க்க வந்தார். கட்டுப்போட்ட கைகளைச் சேர்க்க முடியாமல் சேர்த்து இவள் மன்னிப்புக் கேட்டாள். அந்த அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "சளி புடிச்சா மனுஷி என்னம்மா பண்ண முடியும்? அவர் போகணும்னு இருந்திருக்கு" என்று அவள் தலையைத் தடவினார். போகும்போது என்னைப் பார்த்து, "தம்பி, தங்கச்சியை நல்லாப் பாத்துக்கோங்க. நீங்க இருக்கீங்கன்னுதான் அவளுக்குத் தைரியம்" என்றார். நான் ஃப்ளாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்தபிறகு ஒரு புதுப் பழக்கம் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு அம்மாவை எதையாவது மூக்கருகே நீட்டச் சொல்வாள். சோப்பு, காப்பித்தூள், புதுச் செருப்பு, மழையில் நனைந்த துணி. ஒன்றுகூடத் தப்பாது. அம்மா சந்தோஷமாக, "பாரு, மூக்கு திரும்பிடுச்சு" என்பாள். இவள் அழுவாள். ஒவ்வொரு சரியான பதிலுக்கும் அழுவாள். அன்றைக்கு மட்டும் ஏன் ஏமாற்றியது என்று தன் மூக்கைத் தானே கேட்பாள். நான் பக்கத்து அறையில் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

நாளைக் காலை அவள் விசாரணைக்கு இங்கே வருவாள். என் கவனக்குறைவுதான், என்ன தண்டனை கொடுத்தாலும் சரி என்று சொல்லப்போகிறாள். நேற்றிரவு அந்த வாக்கியத்தை அவள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு இழுத்துக்கொண்டிருப்பதால் சில எழுத்துகள் வருவதில்லை, திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினாள். அதனால்தான் நான் முந்திக்கொண்டு வந்தேன்.

வாயுவை மாற்றியவன் நான். அவளுக்குத் தெரியாமல் மாற்றினேன். கசிவை நிறுத்த வழி இருந்தது, நான் வாடையை நிறுத்தினேன். வானொலி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சளி என் கட்டுக்கதை. இத்தனையையும் அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், என்னால் முடியாது.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. கசியுது என்று அவள் முதன்முதலாக வந்து சொன்ன அந்த மாலை, எல்லோரும் போனபிறகு நான் ஒரு பேனாவைச் சூடேற்றி, அணைத்து, ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வாயைக் கட்டினேன். பை மெல்ல உப்பியது. உப்பி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஜன்னலைத் திறந்து அதை அவிழ்த்துவிட்டேன்.

இதை மட்டும் அவளிடம் சொல்லாதீர்கள், ஐயா. அண்ணன் என் பேச்சை நம்பவில்லையே என்று அவள் கோபித்துக்கொள்ளட்டும். அந்தக் கோபம் என்றைக்காவது ஆறும், ஆறினால் என்னைப் பார்க்க வருவாள். நான் நம்பவில்லை என்றே சொல்லிவிடுங்கள்.