கடலரசனின் இரண்டாம் பாகம்

நானாட்டானிலிருந்து மன்னார் போகிற பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். மகளின் மடியில் ஒரு பெட்டி நிறையப் புத்தகங்கள். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்காக அவளே எழுதி, அவளே அச்சடித்த ‘கடலரசன்’ என்ற மாயக்கதை நாவல். ஒரு பள்ளிக்கூடத்தில் சில பிரதிகளைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள் என்று பேச்சில் விளங்கியது.

பஸ் மன்னார்ப் பாலத்தில் ஏறியது. தாய் கேட்டார்:

“இரண்டாம் பாகத்தில உன்ர தம்பியைச் சாகடிக்கப் போறியோ?”

“ஆர் சொன்னது?”

“நீதானே அந்தப் பிள்ளையளுக்குச் சொன்னனி, கடலரசன் கடைசியில செத்துப்போவான் எண்டு.”

“அது கதை அம்மா. அவன் தம்பி இல்லை.”

“சிரிப்பு, நடை எல்லாம் அவன்ரதுதானே. தம்பி தாழ்வுபாட்டில இருந்து கடல் தொழிலுக்குப் போய் மூண்டு வருசம். வள்ளம் மட்டும்தான் திரும்பி வந்தது. உன்ர புத்தகத்தில அவன் கடலுக்குக் கீழ உயிரோட இருக்கிறான். அந்த இடத்தைத்தான் நான் திருப்பித் திருப்பி வாசிக்கிறன்.”

மகள் பெட்டியை மூடினாள்.

“அப்ப நான் இரண்டாம் பாகம் எழுதேல்லை.”

“இல்லை, எழுது. பிள்ளையள் ஆசையாய்க் கேக்குதுகள். அவன் சாகத்தான் வேணுமெண்டால் சாகட்டும்.” தாயின் குரல் இறங்கிவிட்டது. “ஆனால் உடம்பைக் கரைக்குக் கொண்டுவந்து அவன்ர தாயிட்டைக் குடு. அவள் குளிப்பாட்டி, மாதா கோயில்ல பூசை வச்சு, அடக்கம் பண்ணட்டும்.”

மகள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்த அத்தியாயத்தை நீங்கள் சொல்லுங்கோ அம்மா. நான் எழுதுறன்.”