உள்ளங்கையில் தட்டிய தாளம்

ஊசி போடுவதில் எனக்குக் கை லேசு என்று கம்பம் பஜாரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், சார். கைக்குழந்தைகளைக்கூட என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். அப்பா போடியில் மளிகைக்கடை வைத்திருந்தார். எனக்கு அந்த வியாபாரம் ஒட்டவில்லை. மதுரையில் கம்பவுண்டர் வேலை பழகிவிட்டு வந்து இங்கே மருந்துக்கடை போட்டேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காலையில் கோயில், மதியம் கடைக்கு மேல்மாடியில் ரெக்கார்டு. என் ஞாயிற்றுக்கிழமைகள் அப்படித்தான் போயின.

மதுரையில் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் வீட்டு மாடியில் குடியிருந்தேன். அவர்கள் ஊருக்குத் திரும்பும்போது அவர் மகன் தன் ரெக்கார்டுகளை எனக்கு விட்டுப்போனான். ராக் என்பார்கள், ஜாஸ் என்பார்கள்; இரண்டும் கலந்ததும் உண்டு. ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. பாடுகிறவன் சீக்கிரமே ஒதுங்கிக்கொள்வான். பிறகு ஆர்கன் ஒரு திசை, கிட்டார் ஒரு திசை, டிரம்ஸ் ஒரு திசை என்று போகும். இனிச் சேரவே சேராது என்று நாம் கைவிடும்போது எல்லாம் ஒரே இடத்தில் வந்து இறங்கும். அந்த இடத்துக்காகவே நான் உயிரோடு இருந்தேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

ஜெய்லானி முதலில் வந்தது தலைவலி மாத்திரைக்காக. எழுபத்தொன்பதில் என்று நினைக்கிறேன். மாடியில் ரெக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் அந்தச் சத்தத்தை நிறுத்தச் சொல்வார்கள். அவன் மாத்திரையைக் கையில் வைத்தபடி, தண்ணீர் குடிக்க மறந்து மாடிப்படியைப் பார்த்துக்கொண்டு நின்றான். இந்தத் தாளம் ஏழா எட்டா என்று கேட்டான். எட்டு என்றேன். விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, “ஏழு, மாப்ள” என்று சிரித்தான். அவன் சொன்னதுதான் சரி.

அவன் திராட்சை வியாபாரி. ஓடைப்பட்டித் தோட்டங்களில் எடுத்து, குமுளி வழியாகக் கொச்சிக்கு லாரியில் ஏற்றிப் போவான். திரும்பும்போது துறைமுகத்தில் கப்பல்காரர்கள் விற்கும் ரெக்கார்டுகளை வாங்கி வருவான். காலிக் கூடைகளுக்கு நடுவே சாக்கில் சுற்றி, மடியில் பிள்ளையை வைத்திருப்பதுபோல வைத்துக்கொண்டு வருவான். ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒன்றாக உட்கார்ந்து உறையைப் பிரிப்போம். எல்லாம் சேர்ந்து இறங்கும் இடத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சை விடுவோம். அவன் மனைவி சாபிரா, கிணற்று மோட்டாரைப் போட்டுவிட்டு அதை உட்கார்ந்து கேட்கிறார்கள் என்று கேலி செய்வாள். தேனி முதல் கூடலூர் வரை இந்தச் சங்கீதத்துக்கு நாங்கள் இரண்டு பேர்தான், சார். தனியாகக் கேட்டால் அது வெறும் சத்தம். பக்கத்தில் ஒருவன் இருந்தால்தான் சங்கீதம்.

பிறகு அவனுக்கு இருமல் வந்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர் நெஞ்சில் சளிநோய், டி.பி. என்றார். பயப்பட வேண்டாம், தினமும் ஊசி போட்டால் குணமாகிவிடும் என்றார். ஊசி போடப்போவது நான் என்பதால் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். இந்த மருந்து சிலருக்குக் காதைக் கெடுக்கும். காதில் இரைச்சல் என்றாலோ, தலை சுற்றுகிறது என்றாலோ அன்றைக்கே நிறுத்திவிட்டுக் கூட்டி வா என்றார். நான் சரி என்றேன். ஜெய்லானி அப்போது வெளியே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான்.

ஊசி நன்றாகவே வேலை செய்தது. இருமல் அடங்கியது, முகம் தெளிந்தது. தெளிந்த முகத்தோடுதான் ஒரு நாள் கொச்சிக்கே குடிபோகப் போவதாகச் சொன்னான். மச்சான் அங்கே பழக்கடையில் கூட்டு சேரக் கூப்பிட்டிருந்தான். அதோடு முடித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். “அங்கன நம்மள மாதிரி கேக்குற ஆளுக நெறைய இருக்காக மாப்ள. ஓட்டல்ல பசங்களே வாசிக்காங்க” என்றான். கண் மின்னியது. என் கண் என்ன ஆயிற்று என்று அவன் பார்க்கவில்லை.

எனக்குப் பயம் வந்தது. அந்த ஞாயிறு அவன் வெளியூர் போயிருந்தபோது தனியாக ரெக்கார்டு போட்டேன். எல்லாம் சேர்ந்து இறங்கிய இடத்தில் மூச்சு வரவில்லை. இனி ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான் என்று தோன்றியபோது ரெக்கார்டு முள்ளைத் தூக்கி வைத்துவிட்டேன்.

திரும்பி வந்த ஜெய்லானி, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே காதுக்குள் சில்வண்டு கத்துவதுபோல இருக்கிறது என்றான். பலவீனம், முட்டை சாப்பிடு என்றேன். சிரிஞ்சு ஏற்கனவே கொதித்து ஆறியிருந்தது. போட்டேன்.

டாக்டர் சொன்ன கெடு முடிந்த பிறகும் நிறுத்தவில்லை. உடம்பு தேறுவதற்குச் சத்து ஊசி என்று சொல்லி அதே மருந்தைப் போட்டேன். அதற்கு அவனிடம் காசு வாங்கவில்லை. அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

குமுளி மலைப்பாதையில் லாரிச் சக்கரம் பார்க்க இறங்கிய ஜெய்லானி, பின்னால் வந்த பஸ்ஸின் ஹாரன் கேட்காமல் நடு ரோட்டில் நின்றிருக்கிறான். கிளீனர் இழுத்துப் போட்டதால் பிழைத்தான். அந்த ஞாயிறு மாடிக்கு வந்து சத்தத்தைக் கூட்டச் சொன்னான். குமிழ் அதற்கு மேல் திரும்பாது. “ஏலே சுந்தரு, முள்ளு தேஞ்சுபோச்சோ” என்று கேட்டான். ஆமாம், தேய்ந்துதான் போய்விட்டது என்று தலையாட்டினேன். அவனுக்கு எவ்வளவு நிம்மதி. சிரித்துக்கொண்டே படியிறங்கினான்.

அடுத்த நடையில் கொச்சியிலிருந்து புது முள் வாங்கி வந்தான். அவனே மாட்டினான். தட்டைச் சுழலவிட்டு முள்ளை இறக்கினேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கீழே ரோட்டில் போனவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஜெய்லானி கையைக் கட்டிக்கொண்டு, ஆவலோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“போடு மாப்ள, எதுக்கு நிக்க” என்றான்.

நான் அசையவில்லை. அவன் பார்வை மெதுவாகத் தட்டுக்குப் போனது. அது சுழல்வதைப் பார்த்தான். ஸ்பீக்கர் பெட்டியில் காதை வைத்தான். மறு காதை வைத்தான். நிமிர்ந்தபோது முகத்தில் இரத்தமே இல்லை. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, தன் குரலின் அளவு தெரியாமல், “பயமா இருக்கு மாப்ள. என்ன விட்டுட்டுப் போயிராத” என்றான்.

போகமாட்டேன் என்று தலையசைத்தேன். இந்த நிமிஷம்வரை அந்த வாக்கை மீறவில்லை.

கொச்சிப் பேச்சு அத்தோடு நின்றது. அவன் லாரிக்குப் போவதில்லை. பிள்ளைகள் வாயசைத்தால், சத்தமாகப் பேசுகிறார்களா என்று சாபிராவைக் கேட்பானாம். கதவுக்கு முதுகைக் காட்டி உட்காரமாட்டான். யாராவது பின்னாலிருந்து தோளைத் தொட்டால் அலறிவிடுவான். ஞாயிறு மட்டும் மாடிக்கு வருவான். ரெக்கார்டைப் போட்டுவிட்டு அவன் உள்ளங்கையில் தாளத்தைத் தட்டுவேன். கிட்டார் எங்கே ஏறுகிறது, ஆர்கன் எங்கே நுழைகிறது என்று கையை உயர்த்திக் காட்டுவேன். எல்லாம் இறங்கும் இடத்தில் அவன் கையை அழுத்துவேன். அப்போது அவன் மூச்சை விடுவான். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாட்கள் இருந்ததில்லை.

அப்புறம் ஒரு ஞாயிறு அவன் இன்னொரு கையை ஸ்பீக்கர் பெட்டியின்மேல் வைத்தான். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தான். பிறகு என் விரலைத் தள்ளிவிட்டு, “நீ தப்பாத் தட்டுற மாப்ள. இதுல எனக்கே தெரியுது” என்றான். அதற்குப் பிறகு பெட்டியின்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டான். எனக்குக் கை தரவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கடை மூடியிருக்கும்போது ஸ்டவ்வில் சிரிஞ்சு ஏன் கொதித்தது என்று கேட்டீர்கள். ஊசி இடம் தவறி நரம்பில் பட்டால் விரல்கள் மரத்துப்போவதுண்டு. கம்பவுண்டர்களுக்கு அது தெரியும். சத்து ஊசி பாக்கி இருக்கிறது என்று அவனை வரச் சொல்லியிருந்தேன்.

அவனுக்கு முன்னால் சாபிரா வந்தாள். மதுரையில் காது டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். என்ன ஊசி, எத்தனை மாதம் என்று அவர் கேட்டிருக்கிறார். மாடி வாசற்படியிலேயே நின்றாள். அழவில்லை.

“அண்ணே, காதுக்குள்ள இரைச்சலா இருக்குன்னு அவுக ஒங்ககிட்டச் சொன்னாகளா?”

“சொன்னான்.”

“பெறகு எதுக்குப் போட்டீக?”

ஊருக்குப் போகிறேன் என்றான் என்று சொன்னேன். வேறு காரணம் எதுவும் இல்லை. அவள் ஸ்டவ்வைப் பார்த்தாள். பிறகு படியில் ஏறிக்கொண்டிருந்த ஜெய்லானியை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே தள்ளிக்கொண்டு போனாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்துக் கையசைத்தான்.

நேற்று இங்கே ஸ்டேஷனில் அவனை உட்காரவைத்து, எல்லாவற்றையும் சிலேட்டில் எழுதிக் காட்டினீர்கள். அழித்து அழித்து எழுதினீர்கள். அவன் படித்து முடித்துவிட்டுச் சிலேட்டைத் துணியால் துடைத்து மேசையில் வைத்தான். எழுந்து நடந்தான். நான் லாக்கப் கம்பிக்குப் பக்கத்தில் வந்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். இன்னொரு முறையும் கூப்பிட்டேன். வெளியே டீக்கடைக்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான். ஜெய்லானி திரும்பவில்லை.

அவனுக்குக் கேட்கவில்லை, சார். அவ்வளவுதான்.